சுகரும் ஸ்டென்டும் உள்ள அப்பாவை அமெரிக்கா அனுப்பும்போது: பயணக் காப்பீடு பழைய நோய்க்குப் பணம் தருமா?

திருநகரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது. சுகர் பல வருடமாக உண்டு, பிரஷருக்கும் மாத்திரை, 2022-இல் மதுரையிலேயே ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 61, தைராய்டு மட்டும். டாலஸில் அண்ணன் இருக்கிறார், மதினிக்குப் பிரசவம். பேரப்பிள்ளையைப் பார்க்க இருவரும் ஆறு மாதம் போகிறார்கள். ஏஜென்ட் "சுகரு, ஸ்டென்ட்டு எதையும் ஃபாரத்தில் போடாதீங்க, போட்டா பிரீமியம் ஏறும், போடாட்டி ஒண்ணும் ஆகாது" என்கிறாராம். அண்ணனோ பாலிசியை அமெரிக்காவிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது, பழைய நோய்க்கு நிஜமாகவே பணம் கிடைக்குமா என்பது கேள்வி.

மதுரையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய நோய்க்கான வழக்கமான வைத்தியத்துக்குப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் பணம் தராது. அந்த நோயால் திடீரென்று உயிருக்கு ஆபத்து வந்தால், அந்த ஆபத்தைத் தாண்டும் வரைக்கும் ஆகும் செலவுக்குச் சில பாலிசிகள் தரும். எவ்வளவு தரும் என்பது பாலிசிக்குப் பாலிசி பெரிய அளவில் மாறும். அந்த ஒரு தொகையைப் பார்த்துத்தான் நீங்கள் பாலிசியைத் தேர்வு செய்ய வேண்டும். ஃபாரத்தில் சுகர், பிரஷர், ஸ்டென்ட் மூன்றையும் கட்டாயம் எழுத வேண்டும். ஏஜென்ட் சொன்னது தவறு. அதுவும் ஆபத்தான தவறு.

இனி விவரம்.

நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு: "அதான் மெடிக்ளெய்ம் இருக்கே", "அப்பாவுக்கு பென்ஷன்தாரர் காப்பீடு இருக்கே", "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்று. இவற்றில் எதுவும் டாலஸில் உதவாது. அரசுத் திட்டங்கள் இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கானவை. சாதாரண மெடிக்ளெய்மும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்குத்தான். வெளிநாட்டுச் சிகிச்சையையும் சேர்த்த பாலிசிகள் சில இருக்கின்றன, ஆனால் அப்படி எடுத்திருந்தால் அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, பிரீமியமே சொல்லிவிடும். ஆகவே பயணத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி வேண்டும்.

இந்த மெடிக்ளெய்ம் பழக்கத்தால் இன்னொரு குழப்பமும் வருகிறது. 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. அதைப் படித்துவிட்டு, "ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் தாண்டிவிட்டது, இனி அது பழைய நோய் இல்லை" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உள்ளூர் மெடிக்ளெய்முக்கு. வருடா வருடம் புதுப்பிக்கும் பாலிசியில்தான் காத்திருந்து கழிப்பது என்பது நடக்கும். ஆறு மாதத்தில் முடிந்துபோகும் பயணப் பாலிசியில் காத்திருக்க இடம் ஏது? அங்கே அந்தந்தப் பாலிசிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். பயணத்துக்கு முன்னால் அறிகுறி இருந்தாலே போதும், அது பழைய நோய்தான், மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று எழுதிய பாலிசிகளும் உண்டு. அத்துடன் விடுவதில்லை: பழைய நோயும் "அதன் விளைவுகளும்" என்று சேர்த்திருப்பார்கள். சுகர் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால், சிறுநீரகம் பாதித்தால், காலில் புண் ஆறாமல் போனால், எல்லாம் சுகரின் விளைவு என்று வாதாட அந்த இரண்டு சொல் போதும்.

இப்போது அந்தத் தொகைக்கு வருவோம். நம் நிறுவனங்கள் விற்கும் பாலிசியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 1,00,000 டாலர், 2,50,000 டாலர், 5,00,000 டாலர் என்று இருக்கும். ஏஜென்ட் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். உள்ளே பலன் அட்டவணையில், பழைய நோயால் உயிருக்கு ஆபத்தான அவசர நிலை ஏற்பட்டால் என்று ஒரு வரி இருக்கும். சில பாலிசிகளில் அந்த வரியே இருக்காது; அப்படியானால் ஒரு டாலர்கூட இல்லை என்று பொருள். பல பாலிசிகளில் அந்த வரிக்கு நேரே இருக்கும் தொகை சில ஆயிரம் டாலரைத் தாண்டாது. அமெரிக்காவில் ஓர் அவசரப் பிரிவில் போய் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஓர் இரவு கண்காணிப்பு என்று முடித்து வெளியே வருவதற்கே அந்தப் பணம் கரைந்துவிடும். ஆக, உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை முதல் பக்கத்து 5,00,000 என்பது கால் முறிந்தால், விபத்து நடந்தால், நிமோனியா வந்தால் உதவும் தொகை. இதயத்துக்கு அது கிடையாது. அவருக்கு எது வர வாய்ப்பு அதிகமோ அதற்கு மிகக் குறைவாகவும், எது வர வாய்ப்புக் குறைவோ அதற்கு மிக அதிகமாகவும் வாங்கிக்கொண்டு போவார்.

இதிலும் இன்னொரு கத்திரிப்பு இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்குச் சில பாலிசிகள் உள் வரம்பு வைத்திருக்கும்: ஒரு நாள் அறைக்கு இவ்வளவு, ஐ.சி.யு.வுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சை நிபுணருக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று. மொத்தத் தொகை எத்தனை லட்சமாக இருந்தாலும் இந்தச் சில்லறை வரம்பைத் தாண்டித் தர மாட்டார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி இந்த உள் வரம்பை நீக்கும் வசதி சிலரிடம் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் விசிட்டர் பாலிசியில் என்ன வித்தியாசம்? அதில் இரண்டு ரகம். ஒன்று நிர்ணயத் தொகை ரகம். மலிவாக இருக்கும், மகன்கள் அவசரத்தில் இதைத்தான் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று அச்சடித்த பட்டியல் அதில் இருக்கும். ஒரு நாள் படுக்கைக்கு 1,500 டாலர் என்று போட்டிருந்தால், ஆஸ்பத்திரி 6,000 கேட்டாலும் 1,500தான், மீதி உங்கள் அண்ணன் தலையில். மற்றொன்று விரிவான ரகம். டிடக்டிபிள் எனப்படும் முதல் பங்கை நீங்கள் கட்டிவிட்டால், அதற்கு மேல் பெரும்பகுதியை, பல பாலிசிகளில் முழுவதையும், வரம்பு வரை அவர்கள் கட்டுவார்கள். பிரீமியம் கூட. ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு இந்த விரிவான ரகத்தில்தான் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. பழைய நோய் திடீரென்று முற்றி வரும் தாக்குதலுக்கு, வயது வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, சில பாலிசிகள் பாலிசித் தொகை முழுவதையுமே திறந்துவிடுகின்றன. அந்த வயது வரம்பு சிலவற்றில் 70, சிலவற்றில் 80. அதைத் தாண்டினால் தொகை சடாரென்று இறங்கும் அல்லது இல்லாமலே போகும். 67 வயது என்பது இந்த வகையில் உங்களுக்குச் சாதகம்.

சரி, "திடீர்த் தாக்குதல்" என்பதற்கு என்ன இலக்கணம் வைத்திருக்கிறார்கள்? இங்கேதான் கிளெய்ம்கள் உயிர் வாழ்வதும் சாவதும். எதிர்பாராமல் வந்திருக்க வேண்டும், முன்கூட்டி எந்த எச்சரிக்கை அறிகுறியும் இருந்திருக்கக் கூடாது, குறுகிய நேரத்தில் வேகமாக முற்றியிருக்க வேண்டும், உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அறிகுறி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே வந்த நோய் இதில் சேராது. வழக்கமான செக்கப், மாத்திரை தீர்ந்துபோய் வாங்கியது, சுகர் டாக்டரைப் பார்த்தது, டயாலிசிஸ் எதுவும் சேராது. வைத்தியம் செய்துகொள்வதற்காகவே பயணம் போனதாகத் தெரிந்தால் மொத்தமாகக் கையை விரித்துவிடுவார்கள். மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லியும் போனாலும் அப்படித்தான்.

அந்த 24 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் அப்பாக்களுக்கு ஒரு குணம். மகன் வீட்டில் போய் நெஞ்சைப் பிசைந்தால், "வாயுத் தொல்லையா இருக்கும், சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்று சோடாவைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம். மருமகள் நிறைமாதமாக இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, தாங்க முடியாத கட்டத்தில் ஆம்புலன்ஸ் வரும். அப்புறம் அவசரப் பிரிவின் வாசலில் நர்ஸ் கேட்பார்: எப்போதிருந்து வலி? அப்பா சொல்வார், "அது வந்து ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரியா இருந்துச்சு." அண்ணன் அதை மொழிபெயர்ப்பார். நர்ஸ் அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டுவார். பிறகு கிளெய்ம் மேஜையில் இருப்பவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மூன்று நாளாக அறிகுறி, 24 மணி நேரத்துக்குள் வரவில்லை, திடீர்த் தாக்குதல் இல்லை: கோப்பு மூடப்பட்டது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. நிஜமாகவே மூன்று நாள் வலி என்றால் மருத்துவருக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் நம் பேச்சில் "ரொம்ப நாளாவே" என்பது எதற்கும் வரும். வருடக்கணக்கான நெஞ்செரிச்சலையும் இன்று காலை வந்த நெஞ்சுவலியையும் ஒரே வாக்கியத்தில் போட்டுச் சொல்லிவிடுவோம். எது எப்போது வந்தது என்று தேதி, நேரம் பிரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் போனிலோ வீடியோவிலோ இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், தமிழுக்கும் கேட்கலாம். பதற்றத்தில் இருக்கும் மகன் மொழிபெயர்ப்பதைவிட அது நல்லது. இதைவிட முக்கியம், அப்பாவிடம் இங்கேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள்: அங்கே வலியை மறைத்தால் செலவு மிச்சமாகாது, மொத்தச் செலவும் அண்ணன் மேல்தான் விழும் என்று. செலவு என்று சொன்னால் கேட்பார்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெரியார் பஸ் நிலையப் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் நடப்பதைச் சொல்கிறேன், பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதுதான். கம்ப்யூட்டர் திரை கடைக்காரர் பக்கம் திரும்பியிருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர், பிறந்த தேதி அடிப்பார். "ஏற்கெனவே ஏதேனும் நோய் உள்ளதா" என்ற கேள்வியில் "இல்லை" என்பது தேர்வாகிவிட்டிருக்கும். அவர் உங்களைக் கேட்கவே மாட்டார். பணம் கட்டும் நேரத்தில் "சார், போன்ல ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். நீங்கள் சொல்லும் அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து. "மேற்கண்ட விவரங்கள் எல்லாம் உண்மை என உறுதி அளிக்கிறேன்" என்பதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். பின்னால் "ஏஜென்ட்தான் போட்டார்" என்று சொல்வது கிட்டத்தட்டப் பயனற்றது. பாலிசி மின்னஞ்சலில் வந்ததும் அதில் பழைய நோய் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். "இல்லை" என்று இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்டுக்குச் சொன்னது கணக்கில் வராது.

எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? பழைய நோய்க்கு மட்டும் கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முக்கியமான விவரத்தை மறைத்தார் என்று நிரூபித்தால் முழுப் பாலிசியையே செல்லாததாக்கலாம். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்கூட, சுகரை மறைத்த பாலிசி சண்டைக்குத்தான் போகும். மறைப்பதும் நடக்காத காரியம். ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் ஐந்து நிமிடத்தில் என்னென்ன மாத்திரை என்று கேட்பார்கள், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், குளோபிடோக்ரல் என்று நீங்களே வரிசையாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டென்ட் இதயத்தை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

எழுதினால் என்ன நன்மை? இதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. 2009-இல் சுகர் உள்ள ஒருவர் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா புறப்பட்டார். அரசு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் எடுத்தார். ஃபாரத்தில் தனக்குச் சுகர் இருப்பதை எழுதினார். நிறுவனம் கேட்ட மருத்துவப் பரிசோதனையும் செய்துகொண்டார். பாலிசி கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே வியர்த்துக் கொட்டி உடல் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோபிளாஸ்டி, மூன்று ஸ்டென்ட். செலவு ஏறக்குறைய 2.3 லட்சம் டாலர், அன்றைய டாலரில். நிறுவனம் மறுத்தது: சுகர் பழைய நோய், கொழுப்புக்கு எடுத்துக்கொண்ட ஸ்டாட்டின் மாத்திரையை அவர் சொல்லவில்லை என்று. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் 2015-இல் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு 2021 டிசம்பர் 6 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சுகர் இருப்பதைத் தெரிந்துகொண்டு, ஆபத்தை எடைபோட்டுப் பார்த்து, பணமும் வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்த பிறகு, அதே சுகரைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சுகர்காரர்கள் பாதுகாப்புக்காக எடுக்கும் ஸ்டாட்டினைத் தனியாகச் சொல்லாதது மறைத்தல் ஆகாது என்றும் சொன்னது. வட்டியோடு பணம் தர உத்தரவு.

இதில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அவரைக் காப்பாற்றியது ஃபாரத்தில் எழுதிய அந்த ஒரு பதில். அதை எழுதாமல் விட்டிருந்தால் வழக்கே நின்றிருக்காது. இன்னொரு பக்கம், 2009-இல் நடந்ததற்கு 2021-இல் நீதி. 12 வருடம். தீர்ப்பை நம்பி பாலிசி வாங்கக் கூடாது. நல்ல பாலிசியை வாங்கிவிட்டு, தீர்ப்பைப் பின்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பாலிசிகளில் பழைய நோய் விலக்கை இன்னும் இறுக்கமாக எழுதுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகும் நிறுவனம் பாலிசி கொடுக்கும்போது, அந்த நோயை விலக்கியிருக்கிறதா, வரம்போடு சேர்த்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் இந்தியப் பாலிசியா, அமெரிக்கப் பாலிசியா? உங்கள் அப்பாவுக்கு நான் அமெரிக்க விரிவான ரகத்தையே எடுப்பேன், பழைய நோயின் திடீர்த் தாக்குதல் சேர்ந்தது, 250 அல்லது 500 டாலர் டிடக்டிபிள், அண்ணன் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் அதன் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்த்து. இணையத்திலேயே எடுக்கலாம், அவர்கள் மதுரையிலிருந்து கிளம்பும் தேதியிலிருந்தே தொடங்கும்படி. அங்கே போய் இறங்கிய பிறகும் எடுக்க முடியும்தான். ஆனால் எடுப்பதற்கு முன் வந்த எதுவும் சேராது. இருபது மணி நேர விமானப் பயணம் முடித்து இறங்குகிற நேரம் ஸ்டென்ட் வைத்தவருக்கு லேசான நேரம் இல்லை, மேலே சொன்ன வழக்கே சாட்சி. அம்மாவுக்குத் தைராய்டு மட்டும்தானே, அவருக்கு இந்தியப் பாலிசி போதும். பிரீமியம் குறைவு, சண்டை வந்தால் இங்கேயே போடலாம். இந்தியப் பாலிசியை இங்கிருந்து கிளம்புவதற்கு முன் எடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பல பாலிசிகள் 180 நாளோடு நின்றுவிடும். நீட்டிப்பதானால் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும், இடையில் கிளெய்ம் இருந்தால் மறுக்கலாம்.

அமெரிக்கப் பாலிசியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். கிளெய்மை மறுத்தால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அதைத் தொட மாட்டார். அங்கேயே மேல்முறையீடு, அங்கேயே எழுத்துப் போக்குவரத்து. அண்ணன் அங்கே இருப்பதால் சமாளிக்கலாம் என்றுதான் இதைச் சொல்கிறேன். அங்கே ஆள் இல்லாமல் டூர் போகிற தம்பதிக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன்.

மற்ற நாடுகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள் என்பதால் வேகமாக. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசாவுக்கே 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். விசாவுக்குப் போதுமானது நோய்க்கும் போதுமானது என்று எண்ண வேண்டாம், பழைய நோய் வரியை அதிலும் தேடுங்கள். பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கான கனடா சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர், ஒரு வருடத்துக்கு. அங்கே நிலைத்தன்மைக் காலம் என்று ஒன்று உண்டு: பயணத்துக்கு முந்தைய 90 அல்லது 180 நாளில் மாத்திரையின் அளவு மாறாமல், புதுப் பரிசோதனை எழுதாமல் இருந்தால் பழைய நோயையே சேர்த்துக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முந்தைய மாதம் மருத்துவர் பிரஷர் மாத்திரையை 40-லிருந்து 80 ஆக்கினால் அந்தச் சலுகை போய்விடும். உம்ரா போகிறவர்களுக்கு விசாக் கட்டணத்திலேயே ஓர் அவசரக் காப்பீடு சேர்ந்திருக்கிறது. அமெரிக்க விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமே இல்லை, அதனால்தான் அங்கே போகிறவர்களில் பலர் எடுக்காமலே போகிறார்கள்.

கிளம்புவதற்கு முன் இங்கே முடிக்க வேண்டியவை நிறைய. பல் வேலை எல்லாம் இங்கேயே. பயணப் பாலிசி பல்லுக்குத் திடீர் வலி வந்தால் மட்டும் கொஞ்சம் தரும், அமெரிக்காவில் வேர் சிகிச்சைக்கு ஆகும் செலவில் மதுரையில் முழுப் பல்வரிசையே கட்டிக்கொள்ளலாம். கண் புரை இருந்தால் அரவிந்த் கண் மருத்துவமனையில் இப்போதே. ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் எக்கோ, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, பயணம் செய்யலாம் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கைப்பையிலும், படமாக அண்ணன் போனிலும் வையுங்கள்.

மாத்திரை: அமெரிக்காவுக்குத் தனிப்பட்ட உபயோகத்துக்கு 90 நாள் அளவு என்பது பொதுவான வழிகாட்டுதல். ஆறு மாதத்துக்கு மீதியை மருந்துச் சீட்டோடு கூரியரில் அனுப்பும் வழி இருக்கிறது. சீட்டில் கம்பெனிப் பெயரோடு உட்பொருள் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. மாத்திரையை அட்டையோடு கொண்டுபோக வேண்டும், டப்பாவில் கொட்டிக்கொண்டு அல்ல. இன்சுலின் இருந்தால் கைப்பையில்தான், கீழே போடும் பெட்டியில் உறைந்துவிடலாம்.

இன்னொன்று, பெரும்பாலோர் கோட்டை விடுவது. அப்பாவின் உள்ளூர் மெடிக்ளெய்ம் புதுப்பிக்கும் தேதி அந்த ஆறு மாதத்துக்குள் வருகிறதா? வந்தால் தானாகக் கட்டும்படி செய்துவிட்டுப் போங்கள். அவகாசக் காலமும் தாண்டிப் பாலிசி காலாவதியானால், புதிதாக எடுக்கும்போது சுகருக்கும் இதயத்துக்கும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். 67 வயதில் ஸ்டென்ட்டோடு புதுப் பாலிசி கிடைப்பதே பெரும்பாடு.

அங்கே ஏதாவது நடந்தால்: நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் அங்குள்ள அவசர எண் 911. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்னக் காயம் என்றால் அர்ஜென்ட் கேர் எனப்படும் சிறு மருத்துவமனை, அவசரப் பிரிவோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. காப்பீடு இல்லை, பணம் இல்லை என்று அவசரப் பிரிவு யாரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. நிலைப்படுத்தும் வரை பார்த்தாக வேண்டும். பில் பின்னால் வரும் என்பது வேறு விஷயம். சேர்த்த அன்றே பாலிசி அட்டையில் உள்ள உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு ஒரு குறிப்பு எண் வாங்கி எழுதி வையுங்கள்.

பில் ஒன்றாக வராது. ஆஸ்பத்திரி தனி, அவசரப் பிரிவு மருத்துவர் தனி, ஸ்கேன் பார்த்துச் சொன்னவர் தனி, ஆம்புலன்ஸ் தனி. இரண்டு மாதம் கழித்தும் ஒன்று வரும், அப்பா அம்மா மதுரை திரும்பிய பிறகும் வரும். ஒவ்வொன்றுக்கும் வரிவாரியான பில் கேட்டு வாங்க வேண்டும். காப்பீடு மறுத்துவிட்டாலும் உடனே கார்டைத் தேய்க்க வேண்டாம். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் அங்கே பண உதவித் திட்டம் ஒன்றை வைத்திருந்தாக வேண்டும் என்பது சட்டம். மனுப் போட்டுக் குறைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் ஒன்று. உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு பெரும்பாலான பயணப் பாலிசிகளில் சேர்ந்திருக்கும். ஆனால் மரணம் பழைய நோயால் என்றால் சிலவற்றில் அதுவும் விலக்கு. அந்த வரியை அண்ணன் பார்த்து வைக்கட்டும், அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் இந்தியப் பாலிசியில் கிளெய்ம் மறுத்தால் வழி இது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் பாருங்கள்; பதில் இல்லையென்றாலும் பதில் திருப்தி இல்லையென்றாலும் சென்னை குறைதீர்ப்பாளருக்கு மனு. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும், 155255 எண்ணிலும் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையம் என்றால் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது மதுரை மாவட்ட ஆணையத்திலேயே. அதற்கு இரண்டு வருட அவகாசம். பாஸ்போர்ட்டில் போனது வந்தது காட்டும் பக்கங்களின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, வரிவாரியான பில், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், ஃபாரத்தின் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஃபாரத்தின் நகலை நிறுவனத்திடம் கேட்டு இப்போதே வாங்கிவிடுங்கள், கிளெய்ம் வந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

அண்ணன் தேர்ந்தெடுக்கும் பாலிசியின் பலன் அட்டவணையையும், பழைய நோய் பற்றிய பக்கத்தையும் இங்கே தமிழில் தட்டிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விளம்பரத் துண்டுப் பிரசுரம் வேண்டாம், பாலிசிப் பத்திரமே வேண்டும்.